லாக் எழுத எந்த மென்பொருள்? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு ஹாமின் கணக்கு

போன மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவது) தேர்வு எழுதி, வியு3 என்று தொடங்கும் கால்சைன் (நிலையத்தின் அழைப்புப் பெயர்) கைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கையில் அவன் மாமா கொடுத்த பழைய லேப்டாப். உட்காரவில்லை, டீ சொல்லக்கூட விடவில்லை, "அண்ணாச்சி, லாக் எழுத எந்த மென்பொருள் போடட்டும்? ஒருத்தர் ஒண்ணு சொல்லுதாங்க, இன்னொருத்தர் அது வேண்டவே வேண்டாங்காங்க" என்று ஆரம்பித்தான். லாக் என்றால் ரேடியோவில் யாரோடு, எப்போது பேசினோம் என்ற குறிப்பேடு.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எரிந்துபோன மோட்டார் வந்தால், பழைய காயிலை வெட்டுவதற்கு முன்னால் சுற்று எத்தனை, கம்பி என்ன கேஜ், எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குப் போகிறது எல்லாவற்றையும் எண்ணி நோட்டில் எழுதிவிட வேண்டும். வெட்டிய பிறகு கேட்டால் யாருக்கும் தெரியாது. ரேடியோ லாக்கும் அதே கதைதான். பேசி முடித்த அந்த நிமிடத்தில் எதை எழுதினோமோ அதுதான் பத்து வருஷம் கழித்து, இத்தனை நாடுகளோடு பேசினேன் என்று காட்டி அவார்டுக்கு விண்ணப்பிக்கும்போது கையில் இருக்கும். அதனால் அவனிடம் நான் முதலில் கேட்டது மென்பொருள் பற்றி இல்லை. என்ன கம்ப்யூட்டர், எந்த அவார்டு மேல் கண், லாக்கின் தாய்ப் பிரதி எங்கே இருக்கப்போகிறது, இந்த மூன்றுதான். மூன்றாவது கேள்விக்குப் பதில் சரியாக இருந்தால் முதல் இரண்டில் தப்பு பண்ணினாலும் திருத்திக்கொள்ளலாம்.

நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் நான் தொடங்கியது அதில்தான். நீள நோட்டு, கோடு போட்டது. நம் நாட்டு உரிம விதிகள் லாக் வைத்திருக்கச் சொல்கின்றன, அதற்கு நோட்டு தாராளமாகப் போதும். கரண்ட் போனாலும் எழுதலாம், பூட் ஆகக் காத்திருக்க வேண்டாம். தென்காசிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், அவரிடம் அட்டை போட்ட நோட்டுகள் ஒரு பீரோ நிறைய உண்டு. அதில் 2004 டிசம்பர் பக்கத்தில் அந்தமானிலிருந்து பேசிய நிலையத்தின் வரி ஒன்று இருக்கிறது. பாரதி பிரசாத் தலைமையில் அங்கே போன குழு அது. அதே மாதம் 26ஆம் தேதி சுனாமி வந்ததும் அவர்கள் உலகத்தோடு பேசுவதை நிறுத்திவிட்டு அவசரத் தகவல் அனுப்புவதில் இறங்கினார்கள். அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்க்கும்போது வரும் உணர்வு எந்தத் திரையிலும் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெரியவரிடம் "ஜப்பானை 15 மீட்டரில் பேசியிருக்கிறீர்களா?" என்று (15 மீட்டர் என்பது ஓர் அலைவரிசைப் பகுதி) கேட்டால் ஒரு மத்தியானம் போய்விடும்.

நோட்டில் நான் பண்ணிய பெரிய தப்பு நேரம். லாக்கில் யுடிசி (உலகப் பொது நேரம்) எழுத வேண்டும், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும் என்று தெரியும். தெரிந்தும், விடியற்காலை தூக்கக் கலக்கத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிடுவேன். இன்னொன்று தேதி. ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஐந்தரை வரைக்கும் யுடிசிப்படி முந்தைய நாள்தான் நடந்துகொண்டிருக்கும். நாம் 12ஆம் தேதி காலை 5:10க்குப் பேசினால் லாக்கில் 11ஆம் தேதி 23:40. 40 மீட்டரில் தூரத்து நிலையங்கள் நன்றாகக் கேட்பதே அந்த நேரத்தில்தான் என்பதால், என் உருப்படியான காண்டாக்டுகளில் (பேசி முடித்த தொடர்புகளில்) முக்கால்வாசி தப்பான தேதியில் கிடந்தன. பின்னால் அவற்றை எல்ஓடிடபிள்யூவில் (இரண்டு பேர் லாக்கையும் ஒப்பிட்டு, பேசியதை உறுதிசெய்யும் இணையச் சேவை, ஏஆர்ஆர்எல் என்ற அமெரிக்க அமைப்பு நடத்துவது) ஏற்றியபோது ஒன்றும் பொருந்தவில்லை. அங்கே இரண்டு பேர் எழுதிய நேரமும் முப்பது நிமிடத்துக்குள் ஒத்துப்போக வேண்டும், பேண்டும் (அலைவரிசைப் பகுதி) மோடும் (பேச்சா, மோர்ஸா, டிஜிட்டலா என்ற முறை) ஒத்துப்போக வேண்டும். ஐந்தரை மணி நேரம் தள்ளி எழுதியவனுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. எந்த மென்பொருளாக இருந்தாலும் யுடிசியைத் தானே போட்டுக்கொள்ளும். மென்பொருளுக்கு மாற இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

எக்ஸெல்? வேண்டாம். 0130 என்று அடித்தால் முன்னால் இருக்கும் சுழியை முழுங்கிவிட்டு 130 என்று காட்டும், அப்புறம் அது 01:30ஆ 13:0 ஏதோவா என்று நீங்களே குழம்புவீர்கள். கால்சைனை வைத்து நாடு கண்டுபிடிக்காது. ஏடிஃப் கோப்பாக (லாக் மென்பொருள்கள் எல்லாம் படிக்கும் பொது வடிவம்) வெளியே எடுக்க இன்னொரு கருவி தேட வேண்டும். அடுத்ததுக்குப் போகிறேன்.

மென்பொருளை ஒப்பிடுவதற்கு முன், அவார்டுகள் லாக்கிடம் என்ன கேட்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் சும்மா திரையின் அழகைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். டிஎக்ஸ்சிசி என்பது அதே ஏஆர்ஆர்எல் கொடுப்பது. நூறு "எண்டிட்டி"களோடு பேசி உறுதிசெய்ய வேண்டும். நாடு என்று சொல்லாமல் எண்டிட்டி என்று சொல்வதற்குக் காரணம், நம் இந்தியாவே அதில் மூன்று: இந்தியா, அந்தமான் நிகோபார், லட்சத்தீவு. மொத்தப் பட்டியலில் 340 இருக்கின்றன. பேண்ட் வாரியாக, மோட் வாரியாகத் தனித்தனிக் கணக்கும் உண்டு, ஆக லாக்கில் எண்டிட்டி, பேண்ட், மோட் மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும். டபிள்யூஏஇசட் என்றால் உலகத்தின் நாற்பது மண்டலங்கள். நாம் 22ஆம் மண்டலம், அந்தமான் 26. டபிள்யூஏஎஸ் என்றால் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்கள். இது நம் ஊரிலிருந்து ரொம்பப் பாடு. பூமி உருண்டையில் திருநெல்வேலிக்கு நேர் எதிர்ப்புறம் தென்னமெரிக்காவுக்கு மேற்கே பசிபிக் கடலில் விழுகிறது, அமெரிக்க மேற்கு மாநிலங்களின் சிக்னல் துருவப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு மெலிந்துதான் வரும். அதோடு, அமெரிக்கக் கால்சைனைப் பார்த்து மாநிலத்தைச் சொல்ல முடியாது. ஏழாம் எண் வைத்திருப்பவர் ஃப்ளோரிடாவில் குடியிருப்பார். ஆக இந்த அவார்டுக்கு, கால்சைன் அடித்தவுடன் இணையத்தில் தேடி மாநிலத்தை நிரப்பும் வசதியும், உறுதிப்படுத்தல் வந்ததும் அதைத் திருத்திக்கொள்ளும் வசதியும் மென்பொருளில் இருந்தே ஆக வேண்டும்.

எனக்குப் பிடித்தது கிரிட் கணக்கு. உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுத்தும் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டை எம்ஜே88. தென்காசியும் கன்னியாகுமரியும் அதே எம்ஜே88தான். ஆனால் வடக்கே ஒன்பதாவது அட்சரேகையைத் தாண்டினால், சங்கரன்கோவில், கோவில்பட்டி எல்லாம் எம்ஜே89. கிழக்கே 78ஆவது தீர்க்கரேகையைத் தாண்டிவிட்டால் தூத்துக்குடியும் திருச்செந்தூரும் எம்ஜே98. காலையில் கிளம்பி பைக்கில் சுற்றினால் சாயங்காலத்துக்குள் மூன்று கட்டத்திலிருந்து பேசிவிடலாம், செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிறவர்களுக்கு எதிர்முனையில் இருப்பவர் இதற்காகவே காத்துக்கிடப்பார். சிக்கல் எங்கே என்றால், எல்ஓடிடபிள்யூவுக்கு அனுப்பும்போது நீங்கள் எந்தக் கட்டத்தில் இருந்தீர்கள் என்பதும் டிஜிட்டல் கையெழுத்தோடு சேர்ந்து போகிறது. மணப்பாடு கடற்கரையில் உட்கார்ந்து பேசியதை வீட்டுக் கட்டத்தின் பேரில் ஏற்றிவிட்டால், அவருக்கு வேண்டிய எம்ஜே98 கிடைக்காது. நாகரிகமாக ஒரு மின்னஞ்சல் வரும். எனக்கு வந்திருக்கிறது. ஆகவே இடம் மாறி மாறிப் பேசுகிறவருக்கு, ஒவ்வொரு காண்டாக்டோடும் "என் கட்டம்" என்பதைச் சேர்த்து வைக்கும் மென்பொருள் வேண்டும், செயற்கைக்கோளின் பெயருக்கும் தனி இடம் வேண்டும், அது இல்லாமல் போனால் அந்தக் காண்டாக்டு செயற்கைக்கோள் கணக்கிலேயே சேராது.

சரி, இப்போது ஆளுக்கு ஆள் பார்ப்போம். விண்டோஸ் கம்ப்யூட்டர், அவார்டு மேல் ஆசை, காசு செலவழிக்க மனமில்லை என்றால் உண்மையான போட்டி இரண்டு பேருக்குத்தான்: லாக்4ஓஎம், டிஎக்ஸ்லேப். இரண்டும் இலவசம். இரண்டையும் நான் ஒவ்வொரு வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன்.

டிஎக்ஸ்லேப் ஒரே மென்பொருள் இல்லை, கூட்டுக் குடும்பம். லாக் எழுத டிஎக்ஸ்கீப்பர், ரிக்கோடு (ரேடியோ கருவி) பேச கமாண்டர், உலகம் பூராவும் யார் எங்கே கேட்கிறார்கள் என்ற செய்திகளைச் சேர்க்க ஸ்பாட்கலெக்டர், வரைபடத்துக்கு டிஎக்ஸ்வியூ, இப்படி. ஒவ்வொன்றும் தனி ஜன்னல். வேண்டியதை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்பது சௌகரியம், பதினான்கு அங்குலத் திரையில் நாலு ஜன்னலைத் திறந்து வைத்தால் மார்க்கெட் தெரு மாதிரி இருக்கும் என்பது அசௌகரியம். ஆனால் அவார்டு கணக்கில் இதை அடிக்க ஆள் இல்லை என்பது என் எண்ணம். எந்த எண்டிட்டி எந்த பேண்டில் இன்னும் வேண்டும், பேசியாயிற்று ஆனால் உறுதிப்படவில்லை, உறுதிப்பட்டது ஆனால் இன்னும் அவார்டில் வரவு வைக்கவில்லை என்று மூன்று நிலைகளையும் தனித்தனியாகக் கவனிக்கும். உங்களுக்கு வேண்டிய நிலையம் எங்காவது தென்பட்டால் ஸ்பாட்கலெக்டர் நிறத்தில் காட்டிக்கொடுக்கும், அந்த வரியைத் தட்டினால் ரிக் அந்த அலைவரிசைக்குப் போய் நிற்கும். நான் அதை முதன்முதலில் நிறுவியபோது மூன்று ராத்திரி போனது. மூன்றாவது ராத்திரி வீட்டில் "ரேடியோல பேசுதியளா, இல்ல கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுக்கியளா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

லாக்4ஓஎம் இத்தாலிக்காரர் ஒருவர் எழுதியது. எல்லாம் ஒரே ஜன்னலுக்குள் தாவல் தாவலாக இருக்கும். கால்சைன் அடித்த உடனேயே கீழே ஒரு கட்டத்தில் எந்த பேண்டில் பேசியிருக்கிறேன், எதில் இல்லை என்று தெரியும். எல்ஓடிடபிள்யூ, இகியூஎஸ்எல், கிளப் லாக், கியூஆர்இசட் ஆகிய நாலு இணையச் சேவைகளுக்கும் ஒவ்வொரு காண்டாக்டும் சேமித்தவுடன் தானாகவே அனுப்பும்படி வைக்கலாம். மூடும்போது ஒரு பிரதி எடுத்து நீங்கள் சொல்லும் கோப்புறையில் வைத்துவிட்டுத்தான் மூடும். இந்த ஒரு வசதிக்காகவே நான் அதன் பக்கம் சாய்ந்தேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். குறை என்ன? அமைப்புப் பக்கத்தில் மெனுவுக்குள் மெனு, அதற்குள் மெனு. உங்கள் நிலையத்தின் விவரம், கட்டம், மண்டலம் எல்லாவற்றையும் ஆரம்பத்தில் சரியாக நிரப்பாமல் போனால் தப்பான கட்டத்தோடு ஆயிரம் காண்டாக்டு சேர்ந்துவிடும், அப்புறம் மொத்தமாகத் திருத்தும் கருவியைத் தேடிப் பிடிக்க வேண்டும். நெல் அளக்கும் மரக்காலே தப்பாக இருந்தால் எத்தனை மூட்டை அளந்தும் என்ன.

இரண்டில் எது என்றால்: அவார்டே உயிர், 200 எண்டிட்டியைத் தாண்டிவிட்டேன், இனி ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும் என்கிறவர் டிஎக்ஸ்லேப்புக்குப் போகட்டும். இன்னும் நூறைத் தொடாதவர், கட்டம் மாற்றி மாற்றிப் பேசுகிறவர், ஒரு சாயங்காலத்துக்குள் லாக் எழுதத் தொடங்க வேண்டும் என்கிறவர் லாக்4ஓஎம். நான் இரண்டாவதில் இருக்கிறேன்.

ஹாம் ரேடியோ டீலக்ஸ் பற்றியும் தம்பி கேட்டான். ஐந்தாம் பதிப்பு வரை இலவசமாக இருந்தது, 2011இல் கை மாறி, ஆறாம் பதிப்பிலிருந்து காசு. ரிக்கைத் திரையிலிருந்து ஓட்டும் பகுதி நிஜமாகவே அழகு, லாக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டாலரில் கட்ட வேண்டும், புதுப் பதிப்புகளும் உதவியும் தொடர்ந்து வேண்டுமானால் மறுபடியும் கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்கு ஆன்டெனாவுக்குக் கோஆக்ஸ் கேபிள் வாங்கினால் இரண்டு எண்டிட்டி கூடுதலாகக் கிடைக்கும் என்பது என் கஞ்சத்தனம்.

என்1எம்எம் என்று ஒன்று உண்டு, போட்டி நாட்களில் அதை விட்டால் வேறு கிடையாது. நாற்பத்தெட்டு மணி நேரப் போட்டியில் ஒரு நிமிடத்துக்கு இரண்டு மூன்று பேர் என்று போகும்போது, கால்சைன் அடித்தால் இவரை ஏற்கெனவே பேசியாயிற்றா, இவர் புதுப் பெருக்கியா (மதிப்பெண்ணைப் பெருக்கித் தரும் புது நாடோ மண்டலமோ) என்று கண் இமைப்பதற்குள் சொல்லும், முடிந்ததும் போட்டிக்காரர்கள் கேட்கும் கேப்ரில்லோ கோப்பைத் தயார்பண்ணிக் கொடுக்கும். அதையே வருஷம் பூராவும் தாய் லாக்காக வைத்துக்கொள்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அது பந்தயக் காளையை ஏரில் பூட்டுவது. போட்டி முடிந்ததும் ஏடிஃப்பாக எடுத்துத் தாய் லாக்கில் சேர்த்துவிட்டு அதை மூடிவிடுங்கள்.

லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் என்றால் சிக்யூஆர்லாக். பின்னால் மரியாடிபி தரவுத்தளம் ஓடும், எல்ஓடிடபிள்யூ, கிளப் லாக் எல்லாம் உண்டு, வேகமாக இருக்கும். தம்பியின் லேப்டாப்பைப் பார்த்தவுடன் எனக்கு இதுதான் தோன்றியது, ஆனால் அவனுக்கு லினக்ஸ் பழக்கமில்லை, மென்பொருளையும் இயங்குதளத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க எனக்குப் பொறுமையில்லை.

உலாவியில் ஓடுகிற வகை ஒன்று இருக்கிறது. கிளவுட்லாக், அதிலிருந்து கிளைத்த வேவ்லாக். சொந்தமாக ஒரு சர்வரில், அல்லது வீட்டிலேயே ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். தார்சாவில் ரிக், மச்சில் இன்னொரு கம்ப்யூட்டர், கையில் போன், எல்லாவற்றிலும் ஒரே லாக். இடம் மாறிப் பேசுகிறவர்களுக்கு "நிலைய இடம்" என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள முடிவதால் என் மூன்று கட்டச் சிக்கலுக்கு இதுதான் மிகச் சுத்தமான தீர்வு. ஒரு வருஷம் வைத்திருந்தேன். ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்தால் கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். மூன்றாவது தடவை போய் வந்தபோது ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு எழுந்திருக்கவில்லை. யூபிஎஸ் வைத்திருக்க வேண்டும், கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி வைத்திருக்க வேண்டும், தினமும் பிரதி எடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்கிறவருக்கு நல்ல வழி. சர்வர் பராமரிக்கிறது தனிப் பொழுதுபோக்கு என்று தெரிந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

கியூஆர்இசட் தளத்தின் லாக், கிளப் லாக் இரண்டையும் தாய் லாக்காக வைக்காதீர்கள். கியூஆர்இசட்டில் எழுதுவது சுலபம், அங்கே உறுதிப்பட்டவை அந்தத் தளத்தின் சொந்த அவார்டுகளுக்கு உதவும், டிஎக்ஸ்சிசிக்கு உதவாது. இகியூஎஸ்எல்லும் அப்படித்தான், அழகான அட்டை வரும், சரிபார்க்கப்பட்ட உறுப்பினராக இருந்தால் சிக்யூ என்ற அமெரிக்க ஹாம் பத்திரிகை தொடங்கிய அவார்டுகளுக்குச் செல்லும், ஏஆர்ஆர்எல் ஏற்காது. கிளப் லாக் எழுதும் இடமே இல்லை, ஏற்றிவைத்துப் பார்க்கும் இடம். ஆனால் கட்டாயம் ஏற்றிப் பாருங்கள், ஏனென்றால் உங்கள் மென்பொருள் முன்னெழுத்தை வைத்துத் தப்பாக எண்டிட்டி போட்டிருந்தால் அது பிடித்துவிடும். நம் நாட்டுக்கே வியு மட்டும் இல்லை, ஏடி, ஏயு, 8டி என்றெல்லாம் சிறப்புக் கால்சைன்கள் வருகின்றன. அப்படி ஒன்று தீவிலிருந்து பேசினால் முன்னெழுத்தை மட்டும் நம்பும் மென்பொருள் அதை இந்தியா என்றே போடும்.

போனுக்கு ஹாம்ர்ஸ். கடற்கரை, மலையடிவாரம் என்று கையில் சிறிய ரிக்கோடு போகிறவர்களுக்கு அது போதும். சிக்னல் இல்லாத இடத்திலும் எழுதும், வீட்டுக்கு வந்து ஏடிஃப் எடுத்துத் தாய் லாக்கில் கொட்டிவிடலாம். பாபநாசத்துக்கு மேலே போனால் போன் சிக்னல் கிடைக்காது, நினைவில் வையுங்கள், இணையத்தை நம்பிய லாக் அங்கே செல்லாக்காசு.

எஃப்டி8 என்ற டிஜிட்டல் மோட் பற்றி ஒரு வார்த்தை. 2017இல் வந்ததிலிருந்து காதில் எதுவும் கேட்காத அளவு பலவீனமான சிக்னலையும் பதினைந்து நொடித் துண்டுகளாகப் பிடித்துக்கொடுக்கிறது. என் வீட்டு மொட்டைமாடிக் கம்பிக்கு இது ஒரு வரம். அதை ஓட்டும் மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் தானே ஒரு ஏடிஃப் கோப்பில் எழுதிக்கொண்டே போகும், லாக்4ஓஎம் அதை அப்படியே நேரடியாக வாங்கிக்கொள்ளும், டிஎக்ஸ்லேப்பில் ஸ்பாட்கலெக்டர் வழியாக வரும். ஒரு பொறி இருக்கிறது. எஃப்டி8இன் உறவான எஃப்டி4 என்பது ஏடிஃப் விதிப்படி எம்எஃப்எஸ்கே என்ற மோடின் கிளை. பழைய மென்பொருள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கிளைப் பெயர் உதிர்ந்துபோய் வெறும் எம்எஃப்எஸ்கே என்று நின்றுவிட்டது எனக்கு. எண்பது சொச்சம் காண்டாக்டு. ஒன்றொன்றாகத் திருத்தினேன். மென்பொருள் மாற்றினால் முதலில் ஐம்பது வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

இப்போது பிரதி விஷயம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி எங்கே ஆறு, எங்கே ஊர் என்று தெரியாமல் ஓடியது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு நண்பர், அவர் ரேடியோ அறை தரைத்தளத்தில். ரிக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டார். கம்ப்யூட்டரும், பேசியதை உறுதிசெய்து எதிர்முனைக்காரர்கள் அனுப்பிய கியூஎஸ்எல் அட்டைப் பெட்டிகளும் கீழேயே நின்றன. தண்ணீர் வடிந்த பிறகு நான் போனபோது அட்டைகளைக் கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார், மை கலைந்து பாதி அட்டைகளில் கால்சைனே தெரியவில்லை. லாக்? ஹார்டு டிஸ்க்கில் மட்டும். வருஷக் கணக்கில் எழுதியது. எல்ஓடிடபிள்யூவில் ஏற்றியிருந்தது எல்லாம் திரும்பக் கிடைத்தது, ஆனால் எலும்பு மட்டும்: கால்சைன், தேதி, நேரம், பேண்ட், மோட். யார் பெயர், என்ன பேசினோம், என்ன ரிப்போர்ட் கொடுத்தோம் எதுவும் அங்கே இருக்காது, அது சேமிப்பறை இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அதோடு கையெழுத்துச் சான்றிதழும் அந்தக் கம்ப்யூட்டரோடு போய்விட்டதால் மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் 2024 மே மாதம் ஏஆர்ஆர்எல் கம்ப்யூட்டர்கள் மேல் தாக்குதல் நடந்து எல்ஓடிடபிள்யூவே ஜூலை வரைக்கும் நின்றது. ஒரே இடத்தை நம்பினால் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும்.

அதனால்தான் மூடும்போது தானே பிரதி எடுக்கும் லாக்4ஓஎம். நான் அந்தக் கோப்புறையை இணையச் சேமிப்போடு இணைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை ஏடிஃப் எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுக் கடை மேசையில் வைக்கிறேன், வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர். ஏன் ஏடிஃப் என்றால், அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்தால்கூடப் படிக்கலாம். எந்த மென்பொருள் நாளைக்குக் காணாமல் போனாலும் அடுத்தது அதை வாங்கிக்கொள்ளும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளே வரும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள், நான் வெளியே போகும் வழியைத்தான் முதலில் பார்ப்பேன்: எல்லாத் தகவலோடும் ஏடிஃப் எடுக்க விடுகிறதா, இல்லையா.

தம்பியின் லேப்டாப்பில் லாக்4ஓஎம் போட்டோம். கடையில் மோட்டார் ஒன்று வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் அமைப்பெல்லாம் முடிந்தது. அம்பையும் எம்ஜே88தான், கட்டம் நிரப்பினோம், மண்டலம் 22, யுடிசி. எல்ஓடிடபிள்யூவுக்கு உரிமத்தின் நகலும் அடையாள அட்டை நகலும் அனுப்பச் சொன்னேன், சான்றிதழ் வந்ததும் அதற்கும் ஒரு பிரதி, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும் என்றும் சொன்னேன். ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாளைக்கு ஜெனரல் கிரேடு தேர்வு எழுதி வியு2 வாங்கினால், பழைய வியு3 லாக்கைத் தனியாக மூட்டை கட்டிப் போட்டுவிடாதே. இரண்டு கால்சைனுக்கும் இரண்டு சான்றிதழ், தேதி பார்த்து, ஒவ்வொரு காண்டாக்டும் எந்தக் கால்சைனில் பேசியது என்ற விவரத்தையும் நிரப்பி ஒரே லாக்கில் வை. எல்லாம் இந்தியாவுக்குள்ளேயே பேசியது என்பதால் டிஎக்ஸ்சிசிக்கு இரண்டும் சேர்ந்தே எண்ணப்படும். வியு3இல் பேசிய முதல் ஐம்பது எண்டிட்டியை ஏன் விட வேண்டும்? தலையை ஆட்டினான். நோட்டு ஒன்றும் வாங்கிக்கொள் என்றேன், கரண்ட் போகிற ஊர். அதற்கும் ஆட்டினான்.

நாலு நாள் கழித்து விடியற்காலை போன்.

"அண்ணாச்சி, முழிச்சிருக்கீயளா? ராத்திரி ஒரு மணிக்கு கரண்ட் இல்ல, பேட்டரில இத்தாலிக்காரன் ஒருத்தன்ட்ட பேசுனேன், நோட்டுல எழுதி வச்சிருக்கேன். இப்ப லாக்ல ஏத்தப் போறேன். தேதி இன்னைக்கா நேத்தா?"

"நேத்து. 19:30."

"நேத்து நான் பேசவே இல்லையே, அண்ணாச்சி."